இன்ஜின் வேலையா, வேறு வண்டியா?

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோவில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவரின் காரைக் குடும்ப வண்டி என்று மட்டும் சொல்ல முடியாது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும். பத்து மணிக்குச் சாம்பிள் பீஸ்களோடு பையிங் ஆபீஸ் வாசலில் நிற்கும். சாயங்காலம் டிக்கி நிறைய லேபிளும் பாலிபேக்கும் ஏற்றிக்கொண்டு காங்கயம் ரோட்டில் திரும்பும். இரவில் பையரை அழைத்துவர கோவை விமான நிலையம் வரைக்கும் போகும். இப்படிப்பட்ட வண்டியைப் பார்த்து மெக்கானிக் ஒருநாள், "அண்ணா, இன்ஜின் இறக்கணுமுங்க" என்று சொல்லும்போது, பணம் எவ்வளவு ஆகும் என்பதைவிட வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும். அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியது. உங்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கிற இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை பார்ப்பது. உடைப்புக் கடையிலிருந்து பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவது. வண்டியை இருக்கிற நிலையில் தள்ளிவிட்டு வேறு வண்டி எடுப்பது. நான்காவது, எதையும் செய்யாமல் ஓட்டுவது. இந்த நான்காவதைப் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு காலம் உண்டு.

முதலில், உண்மையிலேயே இன்ஜின்தானா?

நீலப்புகை வந்தால் ரிங் போய்விட்டது, வெள்ளைப்புகை வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, கரும்புகை வந்தால் டீசல் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. டர்போ உள்ள டீசல் வண்டியில் டர்போவின் சீல் கசிந்தாலும் ஆயில் எரிந்து நீலப்புகைதான் வரும். அப்போது மாற்ற வேண்டியது டர்போ. இன்ஜினை இறக்க வேலையே இல்லை. கூலன்ட்டில் ஆயில் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆயில் கூலரைப் பார்க்க வேண்டும். டீசலில் 'டக் டக்' என்று அடிக்கும் சத்தம் ராடு பேரிங்காகவும் இருக்கலாம், ஒரே ஒரு இன்ஜெக்டராகவும் இருக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் இணைப்பையும் மாற்றி மாற்றி எடுத்து ஓட்டிப் பார்த்தால் சத்தம் எந்த சிலிண்டரில் மாறுகிறது என்று அனுபவசாலி கண்டுபிடித்துவிடுவார். டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்த வண்டிக்கும் பல நேரம் ஹெட் வேலை மட்டும் போதும். கீழே இருக்கும் பிளாக்கைத் தொட வேண்டியதில்லை.

எனவே கேட்க வேண்டிய முதல் சோதனை கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏறத்தாழ 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரை காட்ட வேண்டும். டீசலில் 350-க்கு மேல். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நான் அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். மூன்று சிலிண்டர் ஒரே மாதிரி காட்டி, ஒன்று மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கோளாறு அந்த ஒன்றில்தான். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். வால்வென்றால் ஹெட்டை மட்டும் இறக்கி முடிக்கலாம், ரிங் என்றால் முழு வேலை. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஒரு மணி நேரத்தில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமலே இன்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். "இறக்கிப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இறக்குவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது.

ஆயில் குடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர், அரை லிட்டர் டாப் அப் கேட்கிற, ஆனால் இழுவை குறையாத, சூடாகாத வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பது பணத்தை வீணாக்குவது. பல கம்பெனிகளின் கையேடுகளே ஓரளவு ஆயில் செலவை இயல்பு என்றுதான் சொல்கின்றன. மாதத்துக்கு ஒரு தடவை டிப் ஸ்டிக் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள். நான்காவது வழி என்று சொன்னது இதைத்தான். 15 வருட ஆர்.சி. முடிய ஒன்றிரண்டு வருடம் இருக்கும் வண்டிக்கு இதுவே சரியான வழி. புகை அளவு மீறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏன் போனது என்று கேளுங்கள்

இந்த ஊரில் நான் பார்க்கும் பெரிய இன்ஜின் கோளாறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் சூடு இருக்கிறது. சூட்டுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது. திருப்பூர் வட்டாரத்து போர்வெல் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்த கதை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றிலும் நிலத்தடியிலும் கலந்து வந்ததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைகள் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜுக்கு மாறித் திரும்பத் திறந்தன. ஆனால் பூமிக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படியும், அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்ப்பும் அரிபடும். பெட்ரோல் பங்க்கில் வாளித் தண்ணீரை வாங்கி ஊற்றும் பழக்கம் எத்தனையோ ஹெட்டை வளைத்திருக்கிறது.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது, பஞ்சு. நிட்டிங் யூனிட்டின் எக்ஸாஸ்ட் பக்கம் தினமும் வண்டியை நிறுத்தினால் பறக்கும் பஞ்சுத் தூசு ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி அடைந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கண்டன்சரைக் கழற்றினால்தான் தெரியும். ஃபேன் ஓடும், காற்று போகாது. டிராஃபிக்கில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது போதும், சூடு ஏறிவிடும். இப்போதைய பல சின்ன கார்களில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். விளக்கு எரிந்த பிறகும் 'இதோ, கம்பெனி வந்தாச்சு' என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட்டோடு முடிய வேண்டிய வேலை பிஸ்டன் வரைக்கும் இறங்கிவிடும்.

காரணத்தைச் சரிசெய்யாமல் இன்ஜினை மட்டும் புதுசாக்கினால் புது இன்ஜினும் அதே வழியில் போகும். எனவே எந்தக் கொட்டேஷன் வாங்கினாலும் அதில் ரேடியேட்டர் சுத்தம் அல்லது புது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வால்வு, ஹோஸ்கள், ரெடிமிக்ஸ் கூலன்ட் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா சூடே ஆகாதுங்க" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசலும் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

காரணம் சூடாக இல்லாவிட்டால் ஆயிலாக இருக்கும். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வண்டிகளில் வந்த 1,248 சி.சி. மல்டிஜெட் டீசல் இன்ஜின் நல்ல உழைப்பாளி. அதில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். செயின் என்றால் பார்க்கவே வேண்டாம் என்று நினைத்து ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப் போட்டவர்களிடம்தான் அந்த செயின் நீண்டு சத்தம் போடுகிறது. இந்த இன்ஜின் 2020-இல் பி.எஸ்.6 வந்தபோது நின்றுவிட்டது. ஆனாலும் ஊர் முழுக்க அது ஓடுவதால் ஸ்பேர் பஞ்சம் இல்லை. இதை மனதில் வையுங்கள், கணக்குக்கு வேண்டும்.

பீஸ் ரேட் மாதிரி போடுங்கள்

ஒரு டி-ஷர்ட்டுக்கு காஸ்ட்டிங் போடும்போது நீங்கள் நூல் விலையை மட்டும் பார்ப்பதில்லை. நிட்டிங், டையிங், கட்டிங், தையல், வேஸ்டேஜ் எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பீர்கள். வண்டிக்கும் அதே கணக்குதான். பில் தொகை ஒரு பொருட்டில்லை. இனி வரும் ஒவ்வொரு மாதத்துக்கும் என்ன விழுகிறது என்பதுதான் கேள்வி.

'பழுதுச் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு' என்று ஒரு பேச்சு உண்டு. விபத்தில் அடிபட்ட வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஐ.டி.வி.யில் (பாலிசியில் எழுதியுள்ள வண்டி மதிப்பில்) 75 சதவீதம் என்று ஒரு கோடு வைத்திருக்கின்றன. அது அவர்களின் கிளெய்ம் கணக்குக்குப் பொருந்தும். உங்கள் கணக்குக்குப் பொருந்தாது. ஏனென்றால் பாதி, முக்கால் என்கிற இந்தக் கோடுகள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகின்றன. ஒன்று, இன்ஜின் போன நிலையில் இன்றைக்கே விற்றால் கையில் வரும் பணம். இரண்டு, மாற்று வண்டிக்கு ஆகும் வட்டி.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் பட்டறைக் கொட்டேஷனையும் உங்கள் வண்டி விலையையும் அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

2014 மாடல் டிசையர் டீசல். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். இன்ஜின் போன நிலையில் வியாபாரி 1,40,000 ரூபாய் தருகிறார். முழு இன்ஜின் வேலைக்குக் கொட்டேஷன் 95,000. பிரித்த பிறகு வரும் எதிர்பாராத செலவு 15,000 (இது வராத வேலையை நான் பார்த்ததில்லை). வண்டி நிற்கும் 12 நாளுக்கு வாடகை வண்டி, நாளுக்கு 1,500 வீதம் 18,000. ஆக 1,28,000. நான்கு வருடம் ஓட்டி 1,50,000-க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். இன்றைக்கு வேண்டாம் என்று விட்ட 1,40,000-ஐயும் செலவாகச் சேர்த்து, கடைசியில் வரும் 1,50,000-ஐக் கழித்தால் 1,18,000. 48 மாதத்தால் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,450. பழைய வண்டி என்பதால் சஸ்பென்ஷன், கிளட்ச், ஏ.சி. என்று மாதம் 2,000 தனியாக வையுங்கள். மொத்தம் 4,450.

அடுத்தது உடைப்புக் கடை இன்ஜின். வாங்கி மாட்ட 90,000, ஐந்து நாள் வாடகை வண்டி 7,500. ஆக 97,500. இங்கேதான் சூதாட்டம். அது நான்கு வருடம் உழைத்தால், மேலே போட்ட அதே முறையில் மாதம் ஏறத்தாழ 3,800-இல் முடிந்துவிடும். முழு வேலையைவிட மலிவு. இரண்டு வருடத்தில் மூச்சு வாங்கி, திரும்பவும் 1,40,000-க்குத் தள்ள வேண்டி வந்தால் மாதம் 6,000. ஆறே மாதத்தில் கையை விரித்தால் மாதம் 18,000-க்கு மேல். எந்த இன்ஜின் எவ்வளவு ஓடும் என்று விற்பவருக்கும் தெரியாது.

மூன்றாவது, வேறு வண்டி. 2019 மாடல் பெட்ரோல் கார் 5,50,000, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் 25,000. பழைய வண்டியில் வந்த 1,40,000 போக 4,35,000-க்கு 11 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடன். வட்டி மட்டும் ஏறத்தாழ 1,04,600. நான்கு வருடம் கழித்து 3,00,000-க்கு விற்றால் விலைத் தேய்வு மாதம் 5,730, வட்டி 2,180, பராமரிப்பு 1,000. மொத்தம் 8,900. டீசலிலிருந்து பெட்ரோலுக்கு மாறினால் மைலேஜ் குறைவதும் விலை வித்தியாசமும் சேர்ந்து மாதம் இன்னொரு ஒன்றரை, இரண்டாயிரம் கூடும். அதை இதில் சேர்க்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேலை பார்த்த இன்ஜின் நான்கு வருடம் நிற்காமல் இரண்டே வருடத்தில் மறுபடி போய், வண்டியை 1,20,000-க்குத் தள்ளினாலும் மாதம் 8,200-க்குள்தான் வருகிறது. அப்போதும் வேறு வண்டியைவிடக் குறைவு. அப்படியென்றால் வேறு வண்டி எப்போது ஜெயிக்கும்? இன்ஜின் தவிர்த்த மற்ற செலவுகள் மாதம் 6,500-ஐத் தாண்டும்போது. கியர்பாக்ஸ் முனகுகிறது, ஏ.சி. கம்ப்ரசர் போகப்போகிறது, ஸ்டீயரிங் ரேக் ஆடுகிறது, கதவுக்கு அடியில் துரு தின்கிறது என்றால் அந்த வண்டிக்கு நல்ல இன்ஜின் போட்டுப் பயனில்லை. இன்ஜினை இறக்குவதற்கு முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியை ஒரு தடவை நீங்களே நின்று பாருங்கள்.

எந்த வண்டி என்பதும் முக்கியம்

ஆம்னிக்கு நான் யோசிக்கவே மாட்டேன், இன்ஜின் வேலை பார்க்கச் சொல்வேன். 796 சி.சி. மூன்று சிலிண்டர், எந்தச் சந்திலும் ஸ்பேர் கிடைக்கும், வேலை தெரியாத மெக்கானிக் கிடையாது. 2019-இல் உற்பத்தி நின்றதால் புதுசும் கிடைக்காது. அதில் பண்டல் ஏற்றிப் பழகியவர்களுக்கு அதற்கு மாற்று மனசுக்குப் பிடிக்காது. பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவும் அப்படித்தான். வேலை பெரிசு, பில்லும் பெரிசு, ஆனால் விற்கும்போது போட்ட பணத்தில் நல்ல பங்கு திரும்பி வரும்.

கம்பெனியே ஊரை விட்டுப் போன வண்டிகள் வேறு கதை. செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டு ஸ்பேர் இன்னும் வருகிறது. ஆனால் இன்ஜின் உள்பாகம் ஒன்றுக்காகப் பத்து நாள் காத்திருக்க நேரலாம். இந்த வண்டிகளுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது 'ஸ்பேர் கையில் இருக்கிறதா, ஆர்டர் போட வேண்டுமா' என்று பாகம் பாகமாகக் கேளுங்கள். ஷிப்மென்ட் நேரத்தில் வண்டி இல்லாத பத்து நாள் உங்களுக்கு என்ன செலவு என்று உங்களுக்குத்தான் தெரியும். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி, இன்ஜெக்டர் எல்லாம் விலை கூடியவை. அவற்றுக்கு ஊர்ப் பட்டறையிலும் கம்பெனி சர்வீஸிலும் தனித்தனியாகக் கொட்டேஷன் வாங்காமல் முடிவு செய்யாதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சின்ன கார்களுக்கும் அதே 18. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். எனவே அதற்கு முன் வாங்கிய கொட்டேஷனையும் நண்பர் சொன்ன பழைய விலையையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். யூனிட் பெயரில் ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர்கள் பலர் கார் ரிப்பேர் பில்லில் கட்டிய வரியை இன்புட்டாக எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்கு, ஒருசில தொழில்களைத் தவிர, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. டாடா ஏஸ் மாதிரிச் சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு வண்டியும் வைத்திருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு பில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் இதில் கை கொடுக்காது. தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது. முக்கியமான விதிவிலக்கு தண்ணீர். ரயில் பாதைக்குக் கீழே போகும் பாலங்களில் மழைத்தண்ணீர் தேங்கி வண்டி நின்றுவிட்டால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் பணம் வரும். ஆனால் நின்ற வண்டியைத் திரும்பச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு அங்கேயே வளைந்துவிடும். கிளெய்மும் சிக்கலாகும்.

முழு வேலை என்றால்

முடிவு செய்துவிட்டீர்கள், இன்ஜினை இறக்குகிறீர்கள். பேரம் இரண்டு கட்டமாக இருக்கட்டும். முதல் கட்டம், இறக்கிப் பிரித்து அளப்பது வரைக்கும் கூலி என்ன என்று முன்கூட்டியே பேசுங்கள். அளந்த பிறகு 'வேண்டாம், இப்படியே விற்கிறேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். பலர் பிரித்துப் போட்ட இன்ஜினைப் பார்த்த பிறகு வேறு வழியில்லாமல் சரி என்று சொல்கிறார்கள். அந்த நிலைக்குப் போகாதீர்கள்.

லேத்தில் போர் அளவையும் கிராங்க் அளவையும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். போர் தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். கிராங்க் கிரைண்டிங் செய்தால் அதே மாதிரி அண்டர்சைஸ் பேரிங். சில பிளாக்குகளுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கம்பெனியில் கிடையாது, ஸ்லீவ் போட வேண்டும். ஹெட்டை ஃபேசிங் செய்வதற்கு முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டை எவ்வளவு வழவழப்பாக ஃபேசிங் செய்தாலும் கூலன்ட் கசிந்துகொண்டேதான் இருக்கும். ரிங் செட்டும் பேரிங்கும் என்ன பிராண்டு என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள். பில் மூன்றாகப் பிரிந்து வரட்டும், ஸ்பேர், லேத், கூலி என்று.

"ஏனுங்ணா, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்பார். "நம்பிக்கை இருக்குதுங்க தம்பி, எங்க கம்பெனியிலயும் எல்லாத்துக்கும் டி.சி. போட்டுத்தான் பழக்கம்" என்று சொல்லுங்கள். இந்த ஊரில் அதற்கு மறுபேச்சு இருக்காது.

வேலை முடிந்த முதல் 1,000 கிலோமீட்டர் மிதமான வேகத்தில், ஒரே வேகத்திலேயே நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அதற்குள் ஆயிலும் ஃபில்டரும் ஒரு தடவை மாற்ற வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் யூனிட் மூடும் வாரத்தில் வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். லேத் பையன்களும் அதே வாரம் ஊருக்குப் போயிருப்பார்கள். ஒரு மாதம் முன்னாலோ பின்னாலோ பாருங்கள்.

உடைப்புக் கடை இன்ஜின் என்றால்

சென்னை புதுப்பேட்டை மாதிரி உடைப்புக் கடைகளில் உங்கள் மாடல் இன்ஜின் இன்றைக்கே கிடைக்கலாம். என் கருத்தில் இது கடைசி வழி. பிளாக்கே உடைந்துபோய், முழு வேலைக்கு இடமில்லாத போது மட்டும். வாங்கினால் இயங்கும் நிலையில், வண்டியிலிருந்து கழற்றும் முன் ஓடவிட்டுக் கம்ப்ரஷன் பார்த்து வாங்குங்கள். தரையில் கிடக்கும் இன்ஜினின் வாய்ப்பேச்சு கிலோமீட்டரை நம்பாதீர்கள்.

இன்ஜின் எண் உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. மாட்டிய இன்ஜினின் எண் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவின்படி இன்ஜின் மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு இன்ஜின் வாங்கிய பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். எண்ணைத் தேய்த்த இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் காருக்குள் இருந்தால் போலீஸ் கேள்வி உங்களிடம்தான் வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

வேறு வண்டி என்றால்

மலிவாக வரும் 'டெல்லி வண்டி'யைப் பார்த்து மயங்காதீர்கள். டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால் நல்ல நிலையில் உள்ள வண்டிகளும் தெற்கே வந்தன என்பது உண்மை. ஆனால் என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்த பிறகுதான் அதன் விலை தெரியும். 15 வருடம் நெருங்கிய வண்டியாக இருந்தால் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரியும் உண்டு. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-இல் அது 10,000 ஆனது.

உங்கள் பழைய வண்டியை இன்ஜின் போன நிலையில் தள்ளும்போது செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. பணத்தை வாங்கிக்கொண்டு, வெறும் கையெழுத்துப் போட்ட படிவம் 29-ஐயும் 30-ஐயும் வியாபாரியிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர் இன்ஜினைச் சரிசெய்து இன்னொருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. ஆர்.சி.யில் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்ட ஈட்டுக்கு ஆர்.டி.ஓ. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. உடைக்கக் கொடுத்தால் அரசு அங்கீகரித்த வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். விற்றால், வாங்குபவரின் ஆதார் நகலும் தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீதும் வாங்கிக்கொண்டு, பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்யும் வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வையுங்கள்.